தோல்வியின் விலை

ஒரு விளையாட்டு எத்தகையது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதில் தோற்றவனிடமிருந்து அது எதை வாங்கிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். வென்றவனுக்கு எல்லா விளையாட்டுகளும் ஏறக்குறைய ஒன்றையே தருகின்றன: சிறிது மகிழ்ச்சி, சிறிது செருக்கு. தோற்றவனை நடத்தும் முறையிலேதான் அவை வேறுபடுகின்றன. எங்கள் பாட்டி தரையில் கட்டம் கிழித்து ஆடிய தாயத்தில் வெட்டுண்ட காய் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். மீண்டும் தாயம் விழுந்தாலன்றி இறங்காது. தண்டனை அவ்வளவே. சோழியும் புளியங்கொட்டையும் எவருடைய முந்தானை முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னதில்லை.

இந்த அளவுகோலை வீடியோ ஆட்டங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை விடாமல் ஆடிவருபவன் என்ற உரிமையில் சில கருத்துகளைச் சொல்லுகிறேன். இலக்கியக் கட்டுரைகள் இடம்பெறும் மலரில் இதற்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த நூலின் முன்னும் இவ்வளவு நேரம் தலைகுனிந்து அமர்வதில்லை. அங்கே அவர்கள் எதைக் கற்கிறார்கள் என்று கேட்பது நமக்குப் புறம்பான வேலை ஆகாது.

நம்மில் பலர் இவ்வாட்டங்களை முதலில் கண்டது கடைத்தெருவில்தான். 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை அமைத்தார். வரிசை வரிசையாக இறங்கிவரும் விண்வெளிப் பகைவரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பகைவர் குறையக் குறைய, எஞ்சியவர் விரைந்து வருவர். இவ்விரைவு திட்டமிட்டு வைத்ததன்று. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தபோது அக்காலக் கணிப்பொறியின் சுமை குறைந்து, வேகம் தானாகக் கூடிற்று. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். ஆட்டத்தின் பரபரப்பே அதனால் அமைந்தது. எல்லாரையும் வீழ்த்தினாலும் ஆட்டம் முடியாது. அடுத்த படை முன்னிலும் தாழ்வான இடத்திலிருந்து புறப்படும். 1980-இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி படைத்த 'பேக்-மேன்' ஆட்டத்திலும் முடிவு என்று ஒன்று வகுக்கப்படவில்லை. 256-ஆம் கட்டத்தை எட்டிய வல்லவர்கள் அங்கே வெற்றிக்கொடி எதையும் காணவில்லை. கணக்கு வழுவினால் பாதித் திரை சிதைந்து நின்றதையே கண்டனர்.

வெல்ல முடியாதபடி ஆட்டத்தை அமைத்ததற்குக் காரணம் வாணிகம். ஒரு காசுக்கு ஓர் ஆட்டம். ஆடுபவன் தோற்றால்தான் அடுத்த காசு பெட்டிக்குள் விழும். என் இளமையில் மும்பை மாட்டுங்காவில் ஒரு சந்துக்குள் இருந்த சிறு கடையில் இத்தகைய பெட்டிகள் மூன்று இருந்தன. பள்ளிவிட்டு வரும்போது கையில் ஒரு ரூபாய் இருந்தால் ஆடுவேன். இல்லாவிட்டால் ஆடுபவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். தோல்வியை விற்றுப் பிழைத்த கடைதான் அது. ஆயினும் அவ்வாணிகத்தில் ஒரு நேர்மை இருந்தது. விலை பெட்டியின் முகப்பிலேயே எழுதியிருக்கும். எல்லாருக்கும் ஒரே விலை. கிங்ஸ் சர்க்கிள் பெரிய வீட்டுப் பிள்ளையின் ரூபாயும் தாராவியிலிருந்து நடந்து வந்த பையனின் ரூபாயும் அப்பெட்டிக்கு ஒன்றே. சொல்லப்போனால் தாராவிப் பையன் ஒரே ரூபாயில் முக்கால் மணி நேரம் நின்று ஆடுவான். நாங்கள் பத்துப்பேர் சூழ்ந்து நின்று வாய்பிளந்து பார்ப்போம். திறமைக்கு அங்கே மதிப்பு இருந்தது.

அதன்பின் ஆட்டம் வீட்டுக்குள் வந்தது. 1983-இல் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் தன் 'ஃபேமிகாம்' பெட்டியை வெளியிட்டது. 1985-இல் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் அமைத்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அதற்கு வந்தது. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குத் தொண்ணூறுகளில் அது மூலவடிவில் வந்து சேர்ந்தது குறைவே. 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' முதலிய பெயர்களைத் தாங்கிய பெட்டிகளின் வழியாகத்தான் நாம் மாரியோவை அறிந்தோம். கேசட்டின் மேல் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் சில ஆட்டங்களே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதில்லை.

மாரியோவின் முதல் திரையைப் போல் சிறந்த ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. அங்கே விளக்கவுரை ஒரு சொல்கூட இல்லை. இடப்பக்கம் மாரியோ நிற்கிறான், வலப்பக்கம் வெற்றிடம். வலப்பக்கம் போகத்தான் வேண்டும் போலும் என்று நகர்கிறோம். காளான் வடிவில் ஒரு சிறு பகைவன் எதிரே ஊர்ந்து வருகிறான். சும்மா நின்றால் அவன் வந்து மோத, மாரியோ இறக்கிறான். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருப்பதால் இழந்தது ஒன்றுமில்லை. மறுமுறை குதிக்கிறோம், குதித்தபோது தலைக்குமேல் இருந்த கட்டி முட்டுப்பட்டு அதிலிருந்து ஒரு பரிசு வெளிப்படுகிறது. ஒரு தோல்வியில் இரண்டு பாடங்கள். கடைத்தெருப் பெட்டி தோல்விக்குக் காசு வாங்கிற்று. வீட்டுப் பெட்டி தோல்விக்குக் காலத்தை மட்டுமே வாங்கிற்று. மூன்று உயிரும் தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முப்பத்திரண்டு கட்டங்களையும் கடக்க எங்களுக்கு ஒரு கோடை விடுமுறை முழுதும் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருவர் ஆடும்போது ஒருவனுடைய மாரியோ வீழ்ந்தால் மற்றவனுடைய முறை வரும். ஒருவன் தோல்வி மற்றவனுக்கு வாய்ப்பு. ஆகவே தோற்றவன் கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனின் ஆட்டத்தைப் பார்த்தே ஆகவேண்டும். எங்கள் கட்டடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் ஒரு குஜராத்திப் பையனும் இரண்டு மராத்திப் பிள்ளைகளும் என் தங்கையும் நானும் அமர்ந்திருப்போம். ஐவர்க்கும் பொதுவாக இருந்த இந்தி அரைகுறையானது. ஆனாலும் 'இப்போது குதி', 'கொஞ்சம் பொறு' என்பவற்றுக்கு மொழி தடையாக இருந்ததில்லை. இன்றும் எந்தப் பெட்டி சிறந்தது, சோனியுடையதா, மைக்ரோசாஃப்டுடையதா, நிண்டெண்டோவுடையதா என்று இளைஞர்கள் கட்சி கட்டி வாதிடக் கேட்கிறேன். சித்திரத்தின் நுட்பமும் கணிப்பின் வேகமும் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். பக்கத்தில் ஒருவர் அமர இடம் வைத்த பெட்டி எதுவோ அதுவே எனக்குச் சிறந்தது.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். 2012-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'கேண்டி கிரஷ் சாகா' ஆட்டத்தை நம் வீடுகளில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் அறிவார்கள். அதில் ஐந்து உயிர்கள் உண்டு. தோற்றால் ஒன்று போகும். போன உயிர் ஒன்று திரும்புவதற்கு முப்பது நிமிடம் ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் நண்பர்களிடம் உயிரை இரந்து பெறலாம், அல்லது காசு கொடுத்து வாங்கலாம். பின்னர் வந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இம்முறையைப் பின்பற்றின. ஆட்டத்துக்கு விலை இல்லை; தோல்விக்கு மட்டும் விலை. அவ்விலையும் நாம் தோற்றுச் சினந்திருக்கும் அந்த நொடியில்தான் நம் முன் நீட்டப்படுகிறது.

என் தமக்கை மகனுக்குப் பதினொரு வயது. சென்ற தீபாவளிக்கு வந்தபோது, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "மாமா, ஒரு நூறு ரூபாய் அனுப்புங்களேன்" என்றான்.

"எதற்கடா?"

"உயிர் தீர்ந்துவிட்டது. இல்லையென்றால் மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்."

"எப்படித் தோற்றாய்?"

அவன் சற்று விழித்தான். "தெரியவில்லை. தோற்றுவிட்டேன்" என்றான்.

அந்த விடைதான் என்னைக் கலங்க வைத்தது. எப்படித் தோற்றோம் என்பது தெரியாதவனுக்குத் தோல்வி எதையும் கற்பிக்காது. கடைத்தெருப் பெட்டியின் முன் நின்ற பையன்கள் தம் தோல்வியை ஒரு மணி நேரம் விவரிப்பார்கள். இங்கே தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் எண்ணிப் பார்ப்பதற்கு இருந்த இடத்தில் ஒரு கடை திறக்கப்பட்டிருக்கிறது.

வேறு சில ஆட்டங்கள் இன்னும் ஒரு படி சென்று, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத பெட்டிகளை விற்கின்றன. காசு கொடுத்துத் திறந்தால் நல்ல படைக்கலம் கிடைத்தாலும் கிடைக்கும். உதவாத பொருள் கிடைத்தாலும் கிடைக்கும். 2018-இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமே என்று கூறித் தடுத்தது. நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் இணைய விளையாட்டுகளைப் பற்றி நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, பணத்தை வைத்துப் பணத்தை வெல்லும் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. வேண்டிய சட்டம்தான். ஆயினும் பதினொரு வயதுப் பிள்ளை நூறு ரூபாய்க்கு உயிர் வாங்குவது அந்தத் தடைக்குள் வராது. அவன் பணத்தை வெல்ல ஆடவில்லை அன்றோ? வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தோல்வியைக் காட்டி அஞ்சவைத்து அவர் அதைத் தொடங்கவில்லை. வெல்வதாயினும் வேண்டாம் என்றே தொடங்கினார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்னும் ஆசையை அவர் நன்கறிந்தவர். அந்த ஆசையை இன்று கைப்பேசிக்குள் சில்லறையாக விற்கிறார்கள்.

இக்காலத்து ஆட்டங்கள் எல்லாமே இப்படி என்று கருதிவிடக் கூடாது. 2011-இல் ஹிதெதாகா மியாசாகி இயக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த 'டார்க் சோல்ஸ்' மிகக் கடினமான ஆட்டம் எனப் பெயர் பெற்றது. அதில் இறந்தால் அதுவரை ஈட்டிய பொருள் யாவும் இறந்த இடத்திலேயே கிடக்கும். மீண்டும் நடந்து சென்று எடுத்துக்கொள்ளலாம். வழியில் இன்னொரு முறை இறந்தால் அது போயிற்று. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இணையத்தோடு இணைந்து ஆடும்போது தரையில் ஆங்காங்கே குருதிக்கறை தெரியும். அதைத் தொட்டால், எங்கோ வேறொரு நாட்டில் யாரோ ஒருவர் அவ்விடத்தில் எப்படி இறந்தார் என்பது நிழலாக ஆடிக் காட்டப்படும். ஒருவர் தோல்வி இன்னொருவருக்கு வழிகாட்டியாக வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்து 'பொறு, குதி' என்று சொன்ன அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளை அங்கே நான் மீண்டும் கண்டேன்.

2018-இல் கனடாவிலிருந்து வந்த 'செலஸ்ட்' ஆட்டம் இதற்கு மறுதலையான வழியில் சென்றது. மலையேறும் ஒரு பெண்ணின் கதை அது. தவறி விழுந்தால் அடுத்த நொடியே அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறாள். இறப்புகளின் எண்ணிக்கையை ஆட்டம் குறித்துக்கொண்டே வருகிறது. அதைக் கண்டு வெட்கப்படாதே, இவ்வளவு கற்றிருக்கிறாய் என்று பெருமைப்படு என்று ஓரிடத்தில் ஓர் அஞ்சலட்டையும் எழுதுகிறது. என் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தபின்தான் உச்சி தெரிந்தது. இயலாதவர்க்கென வேகத்தைக் குறைக்கவும் இறவாமல் செல்லவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். கடுமையை விரும்பும் ஆட்டக்காரர் சிலர் இதை இழிவாகப் பேசுவதுண்டு. நம் ஊர்த் தெருவில் சிறு பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவன் பிடிபட்டாலும் தோற்றதாகக் கணக்கில் கொள்ளாமல் விடுவோம். 'உப்புக்குச் சப்பாணி' என்று பெயர். மும்பையில் அவனே 'கச்சா லிம்பு'. எந்த மொழிப் பிள்ளைகளும் இப்படி ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், விளையாட்டின் அறத்தில் அதற்கும் பங்குண்டு என்றே கொள்ள வேண்டும். ஆனால் அவ்விடம் வளரும் வரைக்கும்தான். என்றும் சப்பாணியாகவே இருக்க எந்தப் பிள்ளையும் ஒப்பான்.

ஆட்டங்களிலிருந்து பிறக்கும் திரைப்படங்கள் எனக்குச் சுவைக்காமைக்கும் இதுவே காரணம். 2023-இல் வந்த மாரியோ படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டிற்று. வண்ணமும் இசையும் கண்ணையும் காதையும் நிறைத்தன. அதில் மாரியோ தடைகள் நிறைந்த ஒரு பாதையில் பயிற்சி பெறும் காட்சி வருகிறது. விழுகிறான், எழுகிறான், மீண்டும் விழுகிறான். ஒரு பாட்டு ஒலித்து முடிவதற்குள் தேறிவிடுகிறான். 'சூரியவம்சம்' (1997) படத்தில் ஒரே பாட்டுக்குள் ஒரு குடும்பம் உயர்ந்துவிடுவதைக் கைதட்டிப் பார்த்த நமக்கு இது புதிதன்று. ஆனால் நாங்கள் ஒரு கோடை முழுதும் விழுந்து எழுந்த பாதை அது. திரைப்படம் பார்ப்பவரை உப்புக்குச் சப்பாணியாக்கி ஓரத்தில் அமர்த்துகிறது. எவர் தோற்றாலும் பார்ப்பவர்க்கு இழப்பில்லை. அதனால் படம் தாழ்ந்தது என்பதில்லை. ஆட்டத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

இறுதியாக ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் 'வெண்பா'. டொராண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு 2023-இல் வெளியிட்டது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான பரிசைப் பெற்றது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர். ஆட்டம் என்பது இங்கே சமையல். அவள் அன்னை தந்த சமையற்குறிப்பு ஏட்டில் சில வரிகள் அழிந்தும் கிழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் சேரும் என்பதுதான் முதற்புதிர். நம் வீட்டுப் பெண்கள் ஆடினால் ஒரு நொடியில் வென்றுவிடுவார்கள். பிழையாக அடுக்கினால் மீண்டும் அடுக்கலாம். காசும் இல்லை, காத்திருப்பும் இல்லை, உயிர்க்கணக்கும் இல்லை. தோல்விக்கு இவ்வளவு மலிவான விலை வைத்த ஆட்டத்தை நான் கண்டதில்லை.

ஆனால் ஆட்டத்தின் பிற்பகுதியில் கைக்கருவி மகன் கவினிடம் வருகிறது. கனடாவில் வளர்ந்தவன், ஆங்கிலமே அவன் மொழியாகிவிட்டது. தாயின் குறிப்பைத் திறந்து, அந்தத் தமிழெழுத்துகளைத் தட்டுத் தடுமாறிப் புரிந்துகொள்ள வேண்டியவனாகிறான். அதுவரை கிழிந்திருந்தது ஏடு. இப்போது ஏடு முழுமையாக இருந்தும் படிக்கும் கண் இல்லை. பிழைபட்டால் இங்கேயும் மறுமுறை முயலலாம். ஆனால் அவன் எதிர்கொண்டு நிற்கும் தோல்வி அந்த அடுப்படியில் நேர்ந்ததன்று. அது ஆண்டுக்கணக்கில், வீட்டில் ஒருவரும் அறியாமல் நிகழ்ந்தது. அதைத் திருப்பி வாங்க எந்தக் கடையிலும் உயிர் விற்பதில்லை.

நான் இதை ஆடி முடித்தபின் என் தமக்கை மகனை அழைத்து ஆடச் சொன்னேன். மும்பையில் பிறந்தவன்; தமிழ் பேசுவான், படிக்க வராது. இட்லியில் இரண்டு முறை தோற்றான். மூன்றாம் முறை தானே நிறுத்தி, "அடித்தட்டு வழியை மறைக்கிறது, மாமா" என்றான். எப்படித் தோற்றோம் என்று அவன் சொல்ல நான் கேட்டது அதுவே முதல் முறை. கவின் வரும் இடத்துக்கு வந்தபோது திரையில் இருந்த எழுத்துகளைக் காட்டி, "இது என்ன?" என்றான். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தோம். அன்று மாலைக்குள் பதினெட்டு மெய்யில் ஏழு வந்தன. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிப் போனான்.

ஆகவே பெற்றோர்க்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்று மட்டும் கேளாதீர்கள். அருகில் அமர்ந்து, 'தோற்றால் இது உன்னிடம் என்ன கேட்கிறது?' என்றும் கேளுங்கள். காலத்தைக் கேட்டால் அளவாகக் கொடுக்கட்டும். காசைக் கேட்டால் அந்த ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். ஏதோ ஓர் எழுத்தைக் கேட்டால், கைவேலையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள்.